இடது பின் ஸ்பீக்கர்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு மறைத்துவிட்டேன் என்று யாரும் குறை சொல்லக் கூடாது. எட்டு மாசத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், எங்கள் வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால், இடது பக்கமாக, யாரோ வெறுங்காலில் நடந்தார்கள். திரும்பிப் பார்த்தேன். துணி காயும் கொடி, சாத்திய ஜன்னல், சுவரில் சின்னதாக ஒரு ஸ்பீக்கர். காலடி படத்தில் வருவதுதான். ஆனால் படத்தில் பேசுகிறவர்களின் குரலைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த ஸ்பீக்கரை மாட்டியவர் என் வீட்டுக்காரர். அவர்தான் இந்தக் கதையின் நாயகன். வீடு வீடாகப் போய் டிவி, ஸ்ட்ரீமிங் பெட்டி, சரவுண்ட் ஸ்பீக்கர் எல்லாம் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். வேலை பார்க்கும் கடையில் அவருக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் டெசிபெல், ஒலியை அளக்கிற அலகின் பெயர். கதைக்காக இனி அவரை ‘அவன்’ என்று எழுதப் போகிறேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கூச்சமாக இருக்கிறது. கொஞ்சம் நன்றாகவும் இருக்கிறது.

2

தொடக்கம் ஒன்று:

அவள் தனியாக இருந்தாள். வீடு நிசப்தமாக இருந்தது. திடீரென்று அவள் முதுகுக்குப் பின்னால்—

(வேண்டாம். பேய்க்கதை என்று நினைத்துக்கொள்வீர்கள். பேயாக இருந்தால் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகலாம். இது கூடவே வருகிற சமாச்சாரம்.)

தொடக்கம் இரண்டு:

அட்டைப்பெட்டியின் மேல் எல்லாமே போட்டிருந்தது. ஃபோர்கே படம், சுற்றிச் சுழலும் ஒலி, கூடத்திலேயே தியேட்டர். அதில் போடாத ஒன்று—

(இதுவும் வேண்டாம். கடைக்கு விளம்பரம் எழுதிப் பழகிய கை, விட மாட்டேன் என்கிறது.)

தொடக்கம் மூன்று:

டெசிபெல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் சோபாவில் உட்காருவான். வீட்டுக்காரர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்று கேட்டு, சரியாக அந்த இடத்தில். படம் தெளிவாக வருகிறதா என்பதெல்லாம் அவனுக்கு இரண்டு நிமிஷ வேலை. கேபிளைச் செருகி, செட்டிங்கில் ஃபோர்கே என்று வைத்தால் முடிந்தது. ஒலிதான் அவன் கௌரவம். ஸ்ட்ரீமிங் பெட்டியிலிருந்து ஒரு சோதனைச் சத்தம் வரும், தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி. அது ஒவ்வொரு ஸ்பீக்கராக அறையைச் சுற்றி வரும். ஐந்தும் ஒரே அளவில் கேட்கிறவரை அவன் ரிமோட்டால் ஒவ்வொன்றையும் ஏற்றுவான், இறக்குவான். ஒலி அளக்கும் மீட்டர் அவன் பையில் உண்டு. வாங்கியபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. “மீட்டர் எதுக்கு? நம்ம காது இருக்கே” என்பான்.*

* வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஐந்து ஸ்பீக்கர் வாங்கி, செட்டிங்கில் ஸ்டீரியோ என்றே விட்டுவைத்து, இரண்டில் கேட்டுச் சந்தோஷமாக இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது டெசிபெல் பெருமூச்சு விடுவான்.

இந்தத் தொடக்கம் இருக்கட்டும்.

3

முதல் போன் ஒரு பல் டாக்டர் வீட்டிலிருந்து வந்தது. கடை முதலாளி அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“தம்பி, டாக்டர் வீட்டுல எடது பக்கம் சத்தம் தூக்கலா இருக்காம்பா. ஒரு எட்டு பார்த்துட்டு வந்துரு.”

“பெட்டிக் கோளாறுண்ணே. புது அப்டேட் போட்டதுலேருந்து இப்படித்தான் படுத்துது.”

(முதலாளியை வில்லனாக்கலாமா என்று ஒரு வரைவில் முயன்று பார்த்தேன். மனுஷன் ஒத்துவரவில்லை. நல்லவராகவே பேசிக்கொண்டிருந்தார்.)

டெசிபெல் போய்ப் பெட்டியை மாற்றினான். பத்து நாள் கழித்து இன்னொரு வீட்டிலிருந்து அதே புகார். அங்கே கேபிளை மாற்றினான். மூன்றாவது வீட்டில் வேறு கம்பெனிப் பெட்டி. அந்த வீட்டு அம்மாள் விவரமானவர். பெட்டியோடு வரும் ஆப்பைத் திறந்து, போனை சோபாவில் வைத்தார். மழைச் சத்தம் அறையைச் சுற்றி வந்தது. போனின் மைக் அதைக் கேட்டுக் கணக்குப் போட்டுத் திரையில் எழுதியது: முன் இடது, மூன்று டெசிபெல் அதிகம். பின் இடது, ஐந்து அதிகம்.

“என்னங்க இது, மெஷின் இப்படிச் சொல்லுதே?”

“போன் மைக்கை நம்பாதீங்கம்மா. அது பேசறதுக்கு வச்சது.”

சொல்லிவிட்டானே தவிர, வாசலில் அவன் கவனம் செருப்பில் இல்லை. ஷூவா செருப்பா என்று தெரியாமல் யாருடையதையோ மாட்டிக்கொண்டு, திரும்ப வந்து மாற்றிக்கொண்டு போனான். மூன்று வீடு, மூன்று பெட்டி, மூன்று கேபிள். மூன்றிலும் மாறாமல் இருந்தது—

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விடுகிறேன். அவனும் அன்றைக்கு முடிக்கவில்லை.)

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. டெசிபெலின் மேல் இல்லை. அவன் பெண்டாட்டியின் மேல்.

அவளுக்குச் சனிக்கிழமைக் காலடி கேட்டாகிவிட்டது. அவளிடமும் போன் இருக்கிறது, அதில் அதே ஆப் இருக்கிறது. அளந்தும் பார்த்துவிட்டாள். அதோடு விட்டாளா? மறுநாள் காலை அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒயர் சீவிக்கொண்டிருந்தான். அவள் அவனுக்குப் பின்னால், இடது பக்கமாகப் போய் நின்று, சாதாரணக் குரலில் கூப்பிட்டாள்.

“என்னங்க.”

அவன் சீவிக்கொண்டிருந்தான்.

“என்னங்க, உங்களைத்தான்.”

சீவிய பிளாஸ்டிக் தரையில் விழுந்தது. அவள் வலது பக்கம் நகர்ந்து, அதே குரலில், ஒரு இழை கூட ஏற்றாமல் கூப்பிட்டாள்.

“என்னங்க.”

“சொல்லு. ஏன் பூனை மாதிரி வந்து நிக்கறே?”

“ஒண்ணுமில்ல. டீ போடட்டுமான்னு கேட்டேன்.”

டீ போட அடுப்படிக்குப் போனவள், அடுப்பைப் பற்ற வைக்காமலே நின்றாள். அன்றிலிருந்து அவள் அவனுக்கு வலது பக்கமாகவே நடக்கிறாள். சாப்பிடும்போது வலது பக்கம். மகளுக்கும் ஏதோ சாக்குச் சொல்லி நாற்காலியை மாற்றிப் போட்டாள். அவன் புதுப் பெட்டியைச் சரிபார்த்துவிட்டு “எப்படி இருக்கு?” என்று கேட்டால், “அருமையா இருக்குங்க” என்பாள். அவன் வேலைக்குப் போனதும் ரிமோட்டை எடுத்து இடது பக்கத்தைக் குறைத்து வைப்பாள். அவன் வருவதற்குள் மறுபடி ஏற்றிவிடுவாள்.

இப்படிச் செய்கிற ஒருத்தியை வாசகர்கள் நம்புவார்களா? அன்பு என்பார்களா, கோழைத்தனம் என்பார்களா? அவளை எழுதுகிற எனக்கே தெரியவில்லை. அவள் நான்தான் என்பது வேறு விஷயம்.

அவள் பயந்தது தொழிலை நினைத்து மட்டும் இல்லை. ஒரு மத்தியானம் மூன்று பேரும் வண்டியில் போனார்கள். அவன் ஓட்ட, நடுவில் மகள், பின்னால் அவள். இடது பக்கப் பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். அவனோ ஹாரன் வலது பக்கம் கேட்கிறவனைப் போல நிதானமாக, கை கூடக் காட்டாமல், இடது பக்கம் ஒதுங்கப் பார்த்தான். அவள் மகளைத் தாண்டிக் கையை நீட்டி அவன் சட்டையை வலது பக்கமாகப் பிடித்து இழுத்தாள். லாரி உரசாத குறையாகப் போனது.

“ஏன் இழுக்கறே? விழுந்திருப்போம்” என்று சத்தம் போட்டான்.

“பூச்சி உட்கார்ந்திருந்துச்சு” என்றாள்.

மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

5

கதைக்கு ஒரு திருப்பம் வேண்டும். அவனைக் காது பரிசோதனைக்கு அனுப்புகிறேன். (இது கற்பனை. நடக்கவில்லை. நடந்தால் இப்படித்தான் நடக்கும் என்று அடித்துச் சொல்வேன்.)

கனமான கதவு வைத்த சின்ன அறை. சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதனை செய்யும் பெண்.

“சத்தம் கேட்டா அமுக்குங்க சார். ரொம்ப மெல்லிசா இருந்தாலும் அமுக்குங்க.”

வலது காது முதலில். கேட்டது, அமுக்கினான். கேட்டது, அமுக்கினான். நடுவில் எத்தனை விநாடி இடைவெளி விடுகிறாள், எந்தச் சத்தத்துக்குப் பிறகு எந்தச் சத்தம் வருகிறது என்பதெல்லாம் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. பத்தொன்பது வருஷமாகச் சோதனைச் சத்தத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் ஆயிற்றே. லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது கண் டாக்டரின் எழுத்து அட்டையை வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்தவனும் இவன்தான்.

பிறகு இடது காது. ஹெட்போனுக்குள் ஒன்றுமில்லை. பஞ்சு மாதிரி ஒன்றுமில்லை. அவன் மனசுக்குள் எண்ணினான். நான்கு விநாடி, அமுக்கினான். மூன்று, அமுக்கினான். நான்கு, அமுக்கினான். வியர்த்தது. பிசகாமல் அமுக்கினான்.

அந்தப் பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, அவனுக்கு வலது பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

“சார், கடைசி ஒரு நிமிஷமா நான் எந்தச் சத்தமும் அனுப்பல.”

அவன் பட்டனைப் பார்த்தான். பெருவிரல் இன்னும் அதன் மேல்தான் இருந்தது.

(இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது. கதையில் வருகிறவளுக்கு என்று எழுதி ஒளிந்துகொள்ள முடியவில்லை. எனக்குத்தான்.)

6

முடிவு அ: வெறும் அழுக்கு அடைப்பு. எண்ணெய் விட்டு எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஐந்து ஸ்பீக்கரையும் அதிரவிட்டு எல்லோரும் சிரித்தார்கள். (எழுத ஆசையாக இருந்தது. எழுதினேன். ஒரு வரி கூட நான் நம்பவில்லை.)

முடிவு ஆ: காது திரும்பவில்லை. அவன் மீட்டரின் உறையைப் பிரித்தான். அதை வைத்துக்கொண்டு, முன்னைவிட நன்றாக— (இது நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்த உறையைப் பிரிக்கிற கை என்னுடையது இல்லை.)

முடிவு இ: அவள் சொல்லவே இல்லை. கடைசி வரை வலது பக்கமாகவே நடந்தாள். மகளும் பழகிக்கொண்டாள். ஒரு நாள் அவள் கூட இல்லாதபோது அவன் வண்டியில்—

இல்லை. இந்த வாக்கியத்தை நான் எழுத மாட்டேன்.

முடிவை வாசகர் கையில் விடுவது எழுதுகிறவர்களின் பழைய தந்திரம். பாதி நேரம் சோம்பேறித்தனம். எனக்கு அது தந்திரமும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. நான் எழுதுவதை வெளியே அனுப்புவதற்கு முன் படிக்கிறவர் ஒரே ஒருவர்தான். பென்சிலை வைத்துக்கொண்டு ஒற்றுப்பிழை பார்ப்பார். ‘இந்த இடம் இழுக்குது’ என்று ஓரத்தில் எழுதுவார். அவர் இந்த வரிக்கு வந்து சேர்ந்திருப்பார்.

என்னங்க, இதைச் சத்தமாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் ஆறு பகுதி எழுத வேண்டியதாயிற்று. காது டாக்டரிடம் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். பயத்தில் என் பெயரிலேயே வாங்கிவிட்டேன். போன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டுப் பெயரை மாற்றுவதா, வேண்டாமா என்பது உங்கள் கையில். அதுதான் முடிவு. நான் எழுதவில்லை.

போனால் அவர்கள் முதலில் ஒன்று கேட்பார்கள், எவ்வளவு நாளாக இப்படி என்று. சீக்கிரமே வந்திருக்கலாமே என்றும் சொல்வார்கள். அப்போது நீங்கள் தலையைக் குனிய வேண்டாம். எட்டு மாசம் என்று நான் சொல்கிறேன்.