மூன்றாவது வரியில் ஒரு பென்சில் டிக்

திங்கள்.
மாலை வகுப்பில் அட்டவணை போடக் கற்று இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அண்ணனின் முட்டிக்கு நோட்டில் ஒன்று போட்டுவிட்டேன். தப்பாகவும் இருக்கலாம்.

அண்ணன் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிறவன். பன்னிரண்டு வருடமாக மாமாவின் காண்ட்ராக்ட் வேலைகளில் இருக்கிறான். போன மாதம் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கால் மடங்கி, முட்டிக்குள் லிகமென்ட் கிழிந்துவிட்டது. அவனுக்கு அதைத் தைத்தால் நிற்காதாம். உடம்பில் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும்.

எங்கிருந்து எடுப்பது? முட்டிச் சில்லுக்குக் கீழேயிருந்து, இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுக்கலாம். சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், உறுதி. ஆனால் அதற்குப் பிறகு முட்டி போட்டால் வருடக்கணக்கில் வலிக்கலாம். அல்லது தொடையின் பின்பக்கத்திலிருந்து எடுக்கலாம். பிடிக்கக் கொஞ்சம் நாளாகும், சிலருக்கு லேசாகத் தளரும். ஆனால் முட்டி போடுவது சுலபம்.

டாக்டர் முன்பக்கம் என்றாராம். முதல் நாள் நான் மருந்துக் கடை வரிசையில் நின்றேன், அண்ணன் மட்டும்தான் உள்ளே போனான். நாள் முழுக்க முட்டி போடுகிறவனுக்கு முன்பக்கமா?

"அவருக்கு அது ஒண்ணுதான் கைவருமோ என்னமோ" என்றேன்.

"இன்ஸ்பெக்டரம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்றான் அண்ணன்.

புதன்.
பிசியோதெரபி அறைக்கு வெளியே நாலு பேரிடம் தழும்பு எங்கே என்று கேட்டேன். இரண்டு கால்பந்துக்காரர்கள், ஒரு பஸ் கண்டக்டர். மூன்று பேருக்கும் முட்டிக்கு நேர் முன்னே நீளமாக இருந்தது. 'டாக்டர் எல்லோருக்கும் ஒரே அளவுச் சட்டைதான் தைக்கிறார்' என்று எழுதினேன்.

நாலாவது ஆள் சின்னப் பிள்ளைகள் பள்ளி டீச்சர். அவர் தழும்பு கீழே உள்பக்கமாக, சின்னதாக இருந்தது.

"பின்பக்கத்துலேர்ந்து எடுத்தாங்கம்மா. நான் பூரா நேரமும் பசங்களோட தரையில முட்டி போட்டுத்தானே இருப்பேன். டாக்டர் முதல்ல கேட்டதே என்ன வேலைன்னுதான்."

எழுதியதை அடித்தேன். அப்படியானால் அண்ணனிடமும் கேட்டிருப்பாரே?

வியாழன்.
அட்டவணையில் மூன்றாவது வரி, 'முட்டி போட்டால் வலி'. முன்பக்கம் என்ற பத்தியில் அந்த வரிக்கு நேரே ஒரு பென்சில் டிக். நான் நீலப் பேனாவில்தான் எழுதுவேன். மறதியில் நானே போட்டேனோ என்னவோ. என்னை நம்ப முடியாது.

வெள்ளி.
டாக்டர் அறைக்குள் நானும் போனேன். நோட்டை மடியில் மறைத்துக்கொண்டு கேட்டேன். "முட்டி போட்டே வேலை செய்யறவங்களுக்கு எதை வைப்பீங்க, டாக்டர்?"

"பெரும்பாலும் பின்பக்கம். ஏன்? உங்க அண்ணனுக்குக் கடையில நிக்கிற வேலைதானே?"

மேஜை மேல் ஃபைல் திறந்திருந்தது. தலைகீழாகப் படித்தேன். தொழில்: கடை விற்பனை. எழுத்து அண்ணனுடையது. அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டைல்ஸ் ஒட்டறான், டாக்டர்."

"டைல்ஸ் கடைக்காரர் கவுன்டருக்கு ஆள் கேட்டாரு" என்றான் அண்ணன்.

"எப்போ?"

"போன வருஷம்."

டாக்டர் பேனாவை மூடினார். "பின்பக்கம் எடுத்தா ரெண்டு வேலையும் பார்க்கலாம். முன்பக்கம்னா டைல்ஸ் வேலை கஷ்டம். வீட்டுக்குப் போய்ப் பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க."

இரண்டு வேலையும் பார்க்கலாம் என்று கேட்டால் எவனும் சந்தோஷப்படுவான். அண்ணன் முகம் தொங்கிப்போயிற்று. அப்போதுதான் அந்த டிக் ஞாபகம் வந்தது. தடிமனான, பட்டையான கோடு. டைல்ஸ் வெட்டக் குறி போடும் பென்சில்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை அவன் முன்னால் விரித்தேன்.

"இது நீ போட்டதா?"

"ஆமா."

"வலிக்கும்னு தெரிஞ்சேவா?"

"முட்டி போடக் கூடாதுன்னு டாக்டரே எழுதிக் குடுத்தா மாமா கூப்பிட மாட்டாருல்ல."

"வரலைன்னு சொல்ல வாய் இருக்கே. அதுக்கு எதுக்கு முட்டி?"

"நீ சொல்லிப் பாரேன். பன்னிரண்டு வருஷமா சோறு போட்ட மனுஷன். கால் நல்லா இருக்கறப்போ வரலைன்னா மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா அதுக்கும் ஒரு டேபிள் போட்டிருப்பே."

போட்டிருப்பேன்தான். அவன் போனை எடுத்து அவன் கையில் வைத்தேன். முறைத்தான். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனான்.

கதவிடுக்கில் நின்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சிமென்ட் விலை, மாமாவின் சர்க்கரை அளவு, அத்தையின் பல்வலி, எல்லாம் விசாரித்தான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"இல்ல மாமா. கால் சரியாயிடும். சரியானாலும் நான் வரலை."

திரும்பி வந்து உட்கார்ந்தான். "திட்டினாரு. அப்புறம் ஆபரேஷன் என்னைக்குன்னு கேட்டாரு." ரப்பரைத் தேடி எடுத்து, டிக்கை அழித்துவிட்டுப் பின்பக்கப் பத்தியில் போட்டான். "நாளைக்கு டாக்டர்கிட்ட இதையே சொல்லிடு."

அவன் முகம் கழுவப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன், பேசியது நிஜமாக யாரிடம் என்று. மாமாதான். பதினாறு நிமிடம்.