நூற்றெண்பத்திரண்டு வரட்டும்

வாயில் குண்டூசி இருக்கும்போது அக்காவால் சண்டை போட முடியாது. அது தங்கைக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான், தன் பழைய கோட்டைப் பிடித்துத் தைக்கச் சொல்லி, அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"இன்னும் விக்கலையாக்கா? மெஷின்காரர் அஞ்சு மணிவரைக்கும்தான் பார்ப்பாரு. அப்புறம் அந்த ஓவர்லாக் மெஷின் வேற கடைக்குப் போயிடும், பார்த்துக்கோ."

அக்கா முறைத்தாள். அந்த மெஷின் வந்துவிட்டால், துணியின் ஓரம் அடிக்க நாலு தெரு தள்ளி மூட்டை தூக்கிக்கொண்டு போக வேண்டாம். முப்பத்தைந்தாயிரத்தை இரண்டு நாளில் கொடுத்தால் போதும். உறுதி மட்டும் இன்றே சொல்ல வேண்டும். அந்தப் பணமோ ஒரு கம்பெனிப் பங்கில் கிடந்தது. வெட்டுமேசை மேல் நூல்கண்டில் சாய்ந்திருந்த செல்போன் பங்கின் விலை 179.80 என்றது. சந்தை மூட அரைமணி நேரம்.

அக்காவும் தங்கையும் ஒரே நாளில்தான் அந்தப் பங்கை இருநூறுக்கு வாங்கினார்கள், ஆளுக்கு நூறு. பத்து இறங்கியதும் தங்கை விற்றுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டாள். "இதுக்கு மேல நட்டம் வேண்டாம்னு முன்னாடியே கோடு போட்டுட்டேன். ஸ்டாப் லாஸ்!" என்றாள். அக்கா விடவில்லை. நூற்றறுபதுக்கு விழுந்தபோது இன்னும் நூறு வாங்கினாள். இப்போது சராசரி நூற்றெண்பது.

கடைசி ஊசியைக் குத்தியதும் வாய் திறந்துகொண்டது. "நூத்தியெண்பது வரட்டும், வித்துடுறேன். அசல் குறையாம எடுத்துக் காட்டுறேன்னு உங்க அத்தான்கிட்ட சவால் விட்டிருக்கேன்டி."

"அப்போ தரகருக்குக் குடுக்கற புரோக்கரேஜும் வரியும் அத்தானா கட்டுவாரு? வாங்கினது ரெண்டு தடவை, விக்கறது ஒரு தடவை. எல்லாம் சேர்ந்து நானூறு. இருநூறு பங்குக்கு, பங்குக்கு ரெண்டு. உன் பிரேக் ஈவன் நூத்தியெண்பத்திரண்டு. அதுலதான் லாபமும் இல்ல, நட்டமும் இல்ல."

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. உடம்பின் அளவுக்கே வெட்டினால் சட்டைக்குள் உடம்பு நுழையாது. தையலுக்கென்று அரை அங்குலம் கூட விட வேண்டும். இருபது வருஷமாக அப்படி விட்டு வெட்டிய கை, சொந்தக் கணக்கை மட்டும் ஒட்ட வெட்டியிருக்கிறது.

"சரி. நூத்தியெண்பத்திரண்டே வரட்டும்."

180.60. 181.30. 181.70. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். 181.40. பிறகு 181. அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

"ஊசி குத்துதுக்கா. கழட்டட்டுமா?"

"அசையாதே. நீ அசைஞ்சா அது இறங்கும்."

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. மெஷினுக்கு முப்பத்தைந்தாயிரம் போதும்; இப்போது விற்றாலும் அதற்கு மேலேயே வரும். பின்னே எதற்காகக் காத்திருக்கிறோம்? கடைக்கு வரும் சிலர் நினைவுக்கு வந்தார்கள். இடுப்பைச் சுற்றிப் பிடித்த அளவு நாடா முப்பத்தாறு காட்டும்போது, "முப்பத்திரண்டே வைங்க, அடுத்த மாசம் இளைச்சுப் பழையபடி ஆயிடுவேன்" என்பவர்கள். அவர்கள் போனதும் எத்தனை முறை தனக்குள் சிரித்திருக்கிறாள்! பழைய அளவு துணிக்குத் தெரியாது. இவள் என்ன விலைக்கு வாங்கினாள் என்பது இந்தப் பங்குக்கு மட்டும் தெரியவா போகிறது? நூற்றெண்பத்திரண்டு என்ற எண் இவள் மனசிலும், வீட்டுக்காரரின் கேலிச் சிரிப்பிலும்தான் இருந்தது. சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

181க்கே விற்றாள். உடனே மெஷின்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணே, எனக்கே எடுத்து வைங்க. பணம் ரெண்டு நாள்ல வந்துடும்."

அன்று சீக்கிரமே வேலை முடிந்து வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டார்: "என்ன, அசல் வந்துச்சா?"

"இருநூறு குறையுது" என்றாள், தலையை நிமிர்த்தியே.

அவர் சிரித்தார். ஆனால் அவள் பயந்த அளவுக்கு வலிக்கவில்லை. பையிலிருந்து ஓரம் பிரிந்த கால்சட்டையை எடுத்து நீட்டினார். "இதை மடிச்சுத் தைச்சுக் குடு. இருநூறு தர்றேன், கணக்குச் சரியாயிடும்."

அவள் கால்சட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இருநூத்து ஐம்பது குடுங்க."

"அது என்ன ஐம்பது?"

"புரோக்கரேஜ்" என்றாள் தங்கை, இன்னும் ஊசிகளோடு நின்றபடி.