கெட்டகுமாரனின் தங்கை

"கேட்டுக்குள்ள கால வச்சிராத. ஊரே உள்ள ஒக்காந்திருக்கு. மானத்த வாங்காமப் போயிரு."

மிச்சமிருந்த பற்களைக் கடித்துக்கொண்டு தங்கசாமி இதைச் சொன்னது பெற்ற மகள் ஜெபக்கனியிடம். அவள் இடுப்பில் கைக்குழந்தை. பின்னால் பைக்கைப் பிடித்தபடி கணவன் அழகுராஜா.

"பிள்ளைய ஒரு தடவ பாருங்கப்பா. ஒங்க கையில குடுத்துட்டுத் திரும்பிருதேன்."

அவர் குழந்தையைப் பார்க்காமலே கேட்டைச் சாத்திவிட்டு, பைபிளோடு பந்தலுக்கு நடந்தார்.

எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்து ஊர். அன்று தங்கசாமி வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். ஓடிப்போன மகன் ஆனந்தகுமார் திருந்தி வந்துவிட்டான். அம்மாவின் சங்கிலியையும் அப்பாவின் டிராக்டரையும் விற்றுக் குடித்து, தடுக்க வந்த அப்பாவின் பல்லையும் பெயர்த்துவிட்டுப் போன பிள்ளை. அவனுக்காகக் கிடா வெட்டி, சீமைக்கருவேல விறகில் பிரியாணி கொதித்துக்கொண்டிருந்தது.

"கிருபைன்னா என்ன?" தங்கசாமி பிரசங்கித்தார். "தகுதி பாக்காமக் குடுக்கறது! பைபிள்ல அந்தக் கெட்டகுமாரன் சொத்த அழிச்சிட்டுத் திரும்பி வந்தப்ப, எங்கலே போயிருந்தன்னு தகப்பன் கேட்டாரா? ஓடிப்போயி கழுத்தக் கட்டிக்கிட்டாரு!"

அவர் அழுதார். சபை அழுதது. பந்தலோரம் பச்சடிக்கு நறுக்கிக்கொண்டிருந்த நானும் அழுதேன், வசனம் பாதி, வெங்காயம் பாதி.

ஜெபக்கனி யாரையும் அடிக்கவில்லை, எதையும் விற்கவில்லை. கீழத்தெரு எலக்ட்ரீசியனைக் கட்டிக்கொண்டாள். அதுவும் கோயிலில், பாஸ்டர் ஜெபித்துத்தான். தங்கசாமியின் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஒரே கோயில், ஒரே ஞானஸ்நானத் தொட்டி. திருவிருந்தில் மட்டும் மேலத்தெரு வாய் வைத்த பிறகுதான் திராட்சரசக் கிண்ணம் கீழத்தெரு வரிசைக்குப் போகும். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, யாரும் மீறியதுமில்லை.

முதல் பந்தியில் பாஸ்டர் மெதுவாக ஆரம்பித்தார். "அண்ணாச்சி, ஜெபக்கனி பாப்பா இன்னும் கேட்டுக்கு வெளிய வெயில்ல நிக்கிது. மகன மன்னிச்சீக. அவ மட்டும் என்ன பாவம் பண்ணிட்டா?"

"பாவமா இருந்தா மன்னிச்சிருப்பேனே, பாஸ்டரே."

தங்கசாமி இதைக் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகவே சொன்னார். பாஸ்டர் அதற்கு வசனம் தேடினார்; இலையில் ஒரு நெஞ்செலும்புதான் இருந்தது.

ஆனந்தகுமார் இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எழுந்தான்.

"எங்கடா போற?"

"வெளியதான். எனக்கு அது பழக்கந்தானப்பா."

கேட்டைத் திறந்து, மண்ணிலேயே உட்கார்ந்து, இலையை அழகுராஜா பக்கம் நகர்த்தினான். "மாப்ள, இது எனக்கு வெட்டுன கெடா. குடிகாரன் தொட்ட எல. தின்பீகளா, யோசனையா இருக்கா?"

அழகுராஜா சிரிக்க முயன்று முடியாமல், உட்கார்ந்து ஒரு வாய் எடுத்தான். ஜெபக்கனி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மா ரத்தினபாய் சமையல்காரர்களிடம் கையைக் காட்டினாள். அண்டா கேட்டுக்கு வெளியே போய் இறங்கியது. இரண்டாம் பந்திக்குக் காத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் தெருவில் உட்கார்ந்தோம். கொள்கைக்காக உட்கார்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பசி.

உள்ளே திண்ணையில் தங்கசாமி மட்டும் இருந்தார். ரத்தினபாய் படியேறி வந்தாள்.

"வாங்க, சாப்பிட."

"எம்புட்டு வருசமா கோயிலுக்கு ஒழைக்கிறேன். நான் என்ன தப்பு பண்ணேன், என்னையப் போயி தெருவுக்குக் கூப்பிடுத?"

"ஒண்ணும் பண்ணலைன்னே இருக்கட்டும். இருந்தாலும் வாங்க."

அவர் எழவில்லை. வெளியே குழந்தை எதற்கோ சத்தமாகச் சிரித்தது. அவர் தலை அந்தப் பக்கம் பாதி திரும்பி, நின்றது.

ரத்தினபாய் இறங்கிப் போனாள். கேட்டைச் சாத்தவில்லை.