இன்னும் இரண்டு திருப்பம்

புத்தகத்தின் இரண்டு அட்டைகளும் முதுகோடு முதுகு ஒட்டும்படி மடக்கிப் பிடித்து, நடுவில் நகத்தால் கீறிப் பார்த்தார் தையற்காரர். கல்லாவில் இருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, வாங்காத புத்தகத்தை அப்படி மடக்காதீங்க."

"மடக்கலைம்மா. தையல் போட்டிருக்கானான்னு பாக்கறேன். இது வெறும் பசை. பத்து நாள் பையில கிடந்தா தாள் தாளாக் கையோட வந்துடும்."

துணி என்றால் தடவிப் பார்த்தே ஊர் பேர் சொல்லிவிடுவார். புத்தகம் என்றால் அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி. அதிலும் அவர்கள் போகவிருந்த அந்த ஒரு நாட்டுக்கு மட்டும் வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. மனைவி படுக்கையிலிருந்து தெளிவாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். டூர் கூட்டத்தோடு போகிறவர்களுக்கானது வேண்டாம், தானாகச் சுற்றுகிறவர்களுக்கானது வேண்டும், மூன்று எடுத்து வாருங்கள், பார்த்து ஒன்று வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம் என்று.

அவருக்கு நிற்க நேரமில்லை. காலையில் ஊசி போட்டுவிட்டுப் போன நர்ஸ், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இன்னைக்கு எங்கயும் தூரமாப் போகாதீங்க" என்று சொல்லியிருந்தாள். கடை தெருமுனையில்தான். ஆனாலும் தூரமாகத்தான் இருந்தது.

படம் நிறைந்த தடிப் புத்தகம் ஒன்று. அதிகமாக விற்கிறது என்று அந்தப் பெண் எடுத்துக் கொடுத்த சிவப்பு அட்டை ஒன்று. மூன்றாவதாக, யாரும் சீந்தாமல் மூலையில் கிடந்த சாம்பல் நிறச் சின்னப் புத்தகம். பார்க்க லட்சணமாக இல்லை. ஆனால் நூல் தையல் போட்டிருந்தது. மூன்றையும் அள்ளிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார்.

மனைவி பேருந்து நிலைய விசாரணைக் கவுண்டரில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்ற அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இத்தனை வருஷம் வழி சொன்னது போதும்ங்க. ஒரு தடவையாவது நான் வழி கேக்கணும். ஒண்ணுமே தெரியாத ஊர்ல போய் நின்னு கேக்கணும்." கொடி பிடித்தவன் பின்னால் ஆட்டுமந்தை மாதிரி நடக்கவும் மாட்டேன் என்றாள். இரண்டு டிக்கெட் போட்டார்கள். டிக்கெட் வந்த மறுவாரம் வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனாள். விமானம் ஏற இன்னும் நாற்பது நாள் இருந்தது. டாக்டர் கொடுத்த கணக்கில் அத்தனை நாள் இல்லை. பிள்ளை குட்டி இல்லாத வீடு. அக்காவைப் பார்த்துக்கொள்ள மைத்துனர் வந்து தங்கியிருந்தார்.

தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து அவளைச் சாய்த்து உட்கார வைத்தார். அவள் மூன்று அட்டைகளையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"புத்தகம்னா கவுண்டர்ல புதுசா வந்து உக்கார்ற ஆள் மாதிரிங்க. ரெண்டு கேள்வி கேட்டா லட்சணம் தெரிஞ்சுடும். முதல்ல இறங்கற அந்த ஏரிக்கரை ஊர் இருக்குல்ல, அதை எடுங்க. ரயிலை விட்டு இறங்கினதும் என்ன சொல்றான்?"

தடிப் புத்தகத்தை எடுத்தார். எழுத்துக்கூட்டிப் படித்தார். அந்த ஏரியை எந்த ராஜா எந்த ராணிக்காக வெட்டினான் என்று இரண்டு பக்கம் போயிற்று.

"இறங்கினவனுக்கு ராஜா எதுக்கு? கக்கூஸ் எங்க இருக்கு, பெட்டியை எங்க வைக்கிறது, அதைச் சொல்ல வேண்டாமா? இது கல்யாண ஆல்பம். வைங்க அந்தப் பக்கம்."

சிவப்பு அட்டை வாடகைக் கார் எடுத்துக்கொள்ளச் சொன்னது.

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"எனக்கா? சைக்கிளே தகராறு."

"அப்ப இதுவும் ஆகாது."

சாம்பல் புத்தகத்தைப் பிரித்தார். எழுத்து பெரிதாக இருந்தது. நிலையத்தில் பெட்டி வைக்கும் இடம் இரண்டாம் நடைமேடையில், அதற்கு இறங்கப் பன்னிரண்டு படி என்று போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை பேருந்து வரும் என்கிறார்கள், நாங்கள் இரண்டு மணி நேரம் நின்றோம், வரவில்லை, ஏன் என்று எங்களுக்குத் தெரியாது, கவுண்டரில் கேளுங்கள் என்றும் எழுதியிருந்தான்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. தண்ணீர் கொடுத்தார்.

"இவன் நின்னு பாத்திருக்கான். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றான் பாருங்க, இவனை நம்பலாம். பன்னெண்டு படியா? பரவாயில்லை. உங்க இடது முட்டி பதினஞ்சு வரைக்கும் தாங்கும். ஒத்தை ஆளுக்கு ரூம் தர்ற இடம் போட்டிருக்கானா பாருங்க. கீழ்த்தளமா இருக்கணும்."

தையற்காரர் பக்கத்தைத் திருப்பாமல் இருந்தார்.

"ரெண்டு பேருக்குத்தானே பாக்கறோம்?"

"ஏங்க, நான் விசாரணையில இருந்தவ. வராத பஸ்ஸுக்கு யாரையாவது நிக்க வெச்சிருக்கேனா?"

இத்தனை நாளாக, நீ எழுந்து வந்துவிடுவாய் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்குத் தலையாட்டுகிற ஆட்டம் அது என்று இப்போதுதான் உறைத்தது. அவருடைய முட்டி, அவருடைய கண், புது ஆளிடம் பேச அவருக்கு வருகிற கூச்சம், பசித்தாலும் வாய் திறந்து கேட்காத குணம் எல்லாவற்றையும் வைத்துத்தான் அவள் புத்தகம் தேடியிருக்கிறாள். ஆயிரக்கணக்கான பேருக்கு அளவெடுத்தவர் அவர். தன்னை ஒருத்தி நூல் பிசகாமல் அளந்து வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. அவளைப் பார்க்கவே பிரமிப்பாக இருந்தது. உயிர் போகிற நேரத்தில் எவளாவது பெட்டி வைக்கிற இடம் விசாரிப்பாளா?

"நீ இல்லாம நான் எங்க போறது?"

"அதைச் சொல்லத்தான் புத்தகம். போவீங்களா?"

அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அவளும் விட்டுவிட்டாள். கவுண்டரில் பதில் வராத ஆளை அவள் நெருக்குவதில்லை.

"சரி, நிலையத்துலேர்ந்து ஏரிக்கு நடக்கிற வழி இருக்கும், அதைப் படிங்க. மெதுவா. நான் நடந்து பாக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வெளியே மூன்றரை மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் படித்தார். "நிலையத்தின் பின்வாசல் வழியாக வெளியே வாருங்கள். இடப்பக்கம் திரும்பினால் சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அதை ஒட்டி மேட்டில் ஏறுங்கள்."

"மேடு எவ்வளவு தூரம்?"

"முந்நூறு அடியாம். நடுவுல பெஞ்சு இருக்குன்னு போட்டிருக்கான்."

"உக்காருங்க கொஞ்ச நேரம்."

அவர் படிப்பதை நிறுத்தி, வரியில் விரலை வைத்துக்கொண்டார். அவள் மூச்சு ஏறி இறங்கியது, நிஜமாகவே மேடு ஏறியவள் மாதிரி. சற்றுப் பொறுத்து, "ம், போலாம்" என்றாள்.

"மேட்டின் உச்சியில் வலப்பக்கம் திரும்புங்கள். துணி உலர்த்தும் கொடிகள் குறுக்கே தொங்கும், குனிந்து போங்கள். சந்து குறுகிக்கொண்டே போகும். வழி தவறிவிட்டோமோ என்று தோன்றும். தவறவில்லை."

"ம்."

அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரு வீட்டு மதில், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு பச்சைக் கதவு என்று அவர் படித்துக்கொண்டே போனார். மைத்துனர் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தவர், அருகில் வந்து, டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு, அக்காவின் மூக்கருகே புறங்கையைப் பிடித்துப் பார்த்தார். கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"மாமா. அக்கா போயிட்டா."

தையற்காரர் வரியில் வைத்த விரலை எடுக்கவில்லை. "இரு மாப்ளே. இன்னும் ரெண்டு திருப்பம் இருக்கு."

"மாமா..."

"பாதி வழில விட்டுட்டு வர முடியாது."

மைத்துனர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டார். தையற்காரர் படித்தார். "பச்சைக் கதவைத் தாண்டி இடப்பக்கம். பத்தடியில் மறுபடி வலப்பக்கம். சந்து முடிகிறது. இங்கே நில்லுங்கள். இதற்கு மேல் நாங்கள் எழுதப் போவதில்லை. நீங்களே பாருங்கள்."

பக்கத்தில் மிச்சம் வெறுமையாக இருந்தது. புத்தகத்தைத் தாழ்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். வாய் இலேசாகத் திறந்திருந்தது. புருவம் கொஞ்சம் உயர்ந்திருந்தது. எதையோ பெரிதாகப் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடக்கூடத் தோன்றாமல் நிற்கிறவள் முகம் அது. தையற்காரருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. நாற்பது வருடம் பார்த்த முகத்தில் இப்படி ஒரு வியப்பை அவர் பார்த்ததில்லை. அழுகை அப்புறம்தான் வந்தது, வந்தபின் நிற்கவில்லை.

மறுநாள் காலையில் வீடு கொள்ளாமல் ஆட்கள். விசாரணைக் கவுண்டரில் அவளோடு வேலை பார்த்தவர்கள், துணி தைக்கக் கொடுத்தவர்கள், பெயர் தெரியாத நாலைந்து ஓட்டுநர்கள். தெருவில் நாற்காலி போட்டிருந்தது. மைத்துனர் கெட்டிக்காரர், எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டார். சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லி, வண்டிக்குச் சொல்லி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கடைசியில் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மாமா, டிக்கெட் ஆபீஸ்காரன் லைன்ல இருக்கான். நேரங்கெட்ட நேரம்தான், கோவிச்சுக்காதீங்க. இன்னைக்குச் சொன்னாத்தான் பணம் திரும்பக் கிடைக்குமாம். ரெண்டையும் ரத்து பண்ணச் சொல்லிடவா?"

கூடத்தில் கிடத்தியிருந்தவளின் கால்விரல்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. ரயில், பாஷை, பன்னிரண்டு படி எல்லாமே பயமாக இருந்தது. எப்போதும் இந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். இப்போதும் பார்த்தார். நேற்றைக்கு, போவீங்களா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்காக நெருக்காமல் விட்டாளே, அந்தக் கேள்வி அங்கேயே நின்றது.

"ஒண்ணு போதும், மாப்ளே" என்றார். "அக்காவோடதை மட்டும்."

மைத்துனர் போனைக் காதில் வைக்க மறந்து நின்றார். போனுக்குள்ளிருந்து ஆபீஸ்காரன் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

தெருவில் வண்டி வந்து நின்றது. நாற்காலிகளை ஒதுக்கும் சத்தம் கேட்டது. தையற்காரர் சுவரைப் பிடித்து எழுந்தார். வாசலில் ஊர்ச் செருப்பெல்லாம் குவிந்து கிடந்தது. அவர் குனிந்து, தன்னுடைய ஜோடியைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார்.