பின்பலகையில் நான்கு துளைகள்

அந்தத் துறையில் யாரும் படகின் பின்பலகையைத் துளைப்பதில்லை. அப்படியொரு விதி எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. யாரும் யாருக்கும் அதைச் சொல்லித் தந்ததுமில்லை. மோட்டாரைப் பலகையின் மேல்விளிம்பில் மாட்டுவார்கள், கிளாம்பின் இரண்டு திருகுகளையும் கையால் இறுக்குவார்கள், அதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆண்டுக்கு மூன்று நான்கு மோட்டார்கள், மூன்றாவது மிதவையைத் தாண்டியதும், திருகுகளைத் தாமே தளர்த்திக்கொண்டு படகை விட்டுப் போய்விடும். மூழ்காமல், நீர்மட்டத்தில் நிமிர்ந்து நின்றபடி, வழக்கமான இரைச்சலோடு போகும். படகில் இருந்தவர்கள் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்து, துறை அலுவலகத்துக் கரும்பலகையில் தேதியையும் குதிரைத்திறனையும் எழுதுவார்கள். சில மோட்டார்கள் இரண்டொரு வருடம் கழித்து, பாசி படிந்து, முன்னைவிடச் சாதுவாகத் திரும்பி வந்து கரையொதுங்கியதும் உண்டு. முப்பது வருடங்களுக்கு முன் ஒருவர் பலகையைத் துளைத்துப் போல்ட் போட்டார். அவருடைய மோட்டார் புறப்பட்டபோது படகும் அவரும் அவருடைய மதிய உணவும் சேர்ந்தே புறப்பட்டுப் போயின. அதன் பிறகு துளை என்ற பேச்சே அங்கே எழவில்லை.

படகு உறை தைப்பவளின் கணவன் மோட்டாரோடு போய் ஐந்து வருடங்கள் ஆகியிருந்தன. கலங்கரை விளக்கத்துக்குச் சாமான் கொண்டுபோகும் படகை ஓட்டியவன் அவன். மோட்டார் கிளம்பும்போது மற்றவர்கள் கைப்பிடியை விட்டுவிடுவார்கள், அவன் விடவில்லை. பிடித்ததை விடாத சுபாவம். அந்தச் சுபாவத்தால்தான் இரண்டு வீட்டாரும் வேண்டாம் என்ற கல்யாணமும் நடந்திருந்தது. படகிலிருந்து நீருக்குள் இழுக்கப்பட்ட பிறகு கைப்பிடியை விட அவனால் முடியவில்லை, ஏனென்றால் அவனுக்கு நீச்சல் தெரியாது. முதல் வருடம் ஒவ்வொரு நாளும் பிற்பகலில் துறையின் வாயைக் கடந்து போனான். இடுப்புவரை மனிதன், அதற்குக் கீழே நுரை. கடக்கும்போது, "கூரை ஒழுகுதா?" என்று கத்துவான். "ஒழுகல! கைய விட்டுடாதீங்க!" என்று அவள் கரையிலிருந்து பதில் கத்துவாள். எரிபொருள் எப்படித் தீராமல் இருக்கிறது என்று மண்ணெண்ணெய்க் கடைக்காரர் மட்டும் கொஞ்ச நாள் யோசித்தார், பிறகு அவரும் விட்டுவிட்டார். அவன் போன ஏழாவது மாதம் பிறந்த மகள், பாலர் பள்ளியில் அப்பாவை வரையச் சொன்னபோது, கால்கள் இல்லாமல் வரைந்தாள். ஆசிரியை அதற்கு முழு மதிப்பெண் போட்டாள்.

ஆனால் அவன் போட்ட வட்டம் பெரிதாகிக்கொண்டே வந்தது. தினமும் வந்தவன் வாரம் ஒருமுறை வந்தான், பிறகு மாதம் ஒருமுறை. துறையின் வாயை உரசிப் போனவன் ஒவ்வொரு முறையும் தள்ளித் தள்ளிப் போனான். கடைசியாக வந்தபோது அவன் வாய் அசைந்தது தெரிந்தது, குரல் வரவில்லை. "அப்பா நம்மளப் பாத்தாரா?" என்று மகள் கேட்டாள். தைப்பவள் வீட்டுக்குப் போய் நாட்காட்டிகளை எல்லாம் தரையில் விரித்து, இடைவெளிகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். நாற்பத்தொன்பதாவது நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவன் இன்னும் ஒருமுறை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் போவான். அதற்கடுத்த வட்டம் தொடுவானத்துக்கு அப்பால் விழும். தேடிப் போன படகுகள் எல்லாம் மூன்றாவது மிதவையில் மோட்டாரைப் பறிகொடுத்து, துடுப்புப் போட்டுத் திரும்பியிருந்தன.

அந்த வாரத்தில்தான் பதினைந்து குதிரைத்திறன் மோட்டார் ஒன்று கரையொதுங்கியது. அதன் சொந்தக்காரர் அதைத் தொடவே பயந்தார். யாராவது எடுத்துக்கொண்டால் புண்ணியம் என்றார். அதன் கிளாம்பில் ஒரு துணித்துண்டு இன்னும் கவ்வப்பட்டிருந்தது. மரத்தில் திருகு பதிந்து குழி விழாமலிருக்க, தார்ப்பாயை ஆறு மடிப்பாக மடித்து இரட்டைத் தையல் போட்டு அவளே தைத்துத் தந்த திண்டு அது. துறையில் எல்லாப் படகுகளிலும் அது இருந்தது. அவள் கணவன்தான் முதலில் வாங்கிப் பொருத்தியவன். ஆறு மடிப்பும் நசுங்கிக் காகிதமாகியிருந்ததை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். இறுக்கும்போது துணி தடித்திருக்கிறது. ஓட ஓட நசுங்குகிறது. திருகு காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. துறை அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினாள். திண்டு வருவதற்கு முன் ஆண்டுக்கு ஒரு மோட்டார்தான் போயிருந்தது. மோட்டார்களுக்குப் போக ஆசை இருந்தது உண்மை. ஆனால் கதவைத் திறந்துவிட்டவள் அவள். அன்று அவள் அழவில்லை. தைத்து அடுக்கியிருந்த எழுபது திண்டுகளையும் பிரித்துப் போட்டாள்.

கணவனின் படகு ஐந்து வருடமாகக் கரையில் உறைக்குள் கிடந்தது. பின்பலகையைச் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்து, சத்தம் மந்தமாக வந்த இடத்தில் சுண்ணாம்புக் குறியிட்டாள். படகுத் தச்சனான கொழுந்தன், அண்ணி படகை விற்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, உளுத்த பகுதியை வெட்டியெடுத்துப் புதுப் பலகை வைத்துத் தந்தான். போல்ட் வாங்கப் போனபோது உதிரிபாகக் கடைக்காரர், "இவ்வளவு நீளம் எதுக்கும்மா?" என்றார்.

"ஜன்னலுக்கு."

"துருப்பிடிக்காத எஃகுல, லாக் நட்டோட, ஜன்னலுக்கா? உங்க வீடு என்ன மிதக்குதா?"

"இன்னும் இல்லண்ணே. நாலு குடுங்க. பெரிய வாஷரா பாத்து எடுங்க."

நாற்பத்தொன்பதாவது நாள் காலை, துறை முழுக்க ஆட்கள் இருந்த நேரத்தில், அவள் கரையொதுங்கிய அந்த மோட்டாரைப் பலகையின் நட்டநடுவில் மாட்டினாள். நீருக்குள் சுழலும் காற்றாடிக்கு மேலிருந்த தட்டு படகின் அடிமட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று குந்தி உட்கார்ந்து பார்த்தாள். திருகுகளை வெறும் மரத்தின் மேல் இறுக்கினாள். பிறகு பையிலிருந்து துளையிடும் கருவியை எடுத்தாள். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. கொழுந்தன் ஓடி வந்தான்.

"அண்ணி, வேணாம். ஓட்டை போட்டா படகும் போயிடும்."

"போகட்டும் தம்பி. போறதுக்குத்தானே மாட்டுறேன்."

"போனவங்க திரும்பலியே!"

"அவங்க மோட்டாரு போன பக்கம் போனாங்க. இது போயிட்டு வந்து சாதுவான மோட்டாரு. நான் கைப்பிடியத் திருப்புற பக்கம்தான் இது வரும்."

"புள்ளைய யோசிச்சீங்களா?"

"மதியம் உங்க வீட்டுல சாப்பிடட்டும். ராத்திரி சாப்பாட்டுக்கு நானும் உங்க அண்ணனும் வந்துடுவோம்."

அவள் கிளாம்புச் சட்டத்தின் மேல்துளையில் முனையை வைத்து அழுத்தினாள். வெளிறிய மரத்தூள் சுருள் சுருளாக அவள் மணிக்கட்டில் விழுந்தது. எதிர்ப்பக்கம் முனை வெளியே வந்தபோது, ஸ்டார்ட் செய்யாத மோட்டார் ஒருமுறை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது. இரண்டாவது துளை போட்டாள். மூன்றாவதும் போட்டாள். ஒவ்வொன்றிலும் நீர்புகாப் பசையைப் பிதுக்கி நிரப்பி, போல்ட்டைச் செருகினாள். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. வெளியே போல்ட்டைத் திருக ஓர் ஆள் வேண்டும். உள்ளே நட்டைப் பிடித்துக்கொள்ள இன்னோர் ஆள் வேண்டும். அவள் யாரையும் கூப்பிடவில்லை. ஸ்பேனரைப் படகின் விளிம்பில் எல்லோருக்கும் தெரியும்படி வைத்துவிட்டு, நான்காவது துளைக்குக் குனிந்தாள்.

கொழுந்தன் கரையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகுக்குள் ஏறி, ஸ்பேனரை எடுத்தான்.

"கை சாயுது அண்ணி. நேராப் பிடிங்க, இல்லன்னா நட்டு உக்காராது."

அவள் நேராகப் பிடித்து அழுத்தினாள். மோட்டார் ஏதோ முனகியது. இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை.