திரும்பி வர வேண்டிய குளம்

எங்கள் பக்கத்தில் மீன் குளங்களை ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்து விடுவார்கள். குளம் கரையேறி, கடற்கரை வரை நடந்து போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வர வேண்டும். திரும்பி வந்தால், அந்த மீன் வளர்ப்பால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கேடில்லை என்று சான்றிதழ். வராவிட்டால் வெறும் பள்ளம்தான் மிச்சம். போன வருடம் பக்கிரிசாமியின் இறால் குளம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. குஞ்சை அள்ளிக் கொட்டி, மருந்தையும் ஊற்றினால் அது ஏன் திரும்பி வரப்போகிறது?

அளக்க வருபவர் எஸ்தர் வசந்தா மேடம். ஆக்சிஜன், அம்மோனியா, தீவனம், கரண்டு எல்லாம் முதலில் குறித்துக்கொள்வார். அதெல்லாம் குளத்தைப் பற்றி நாம் சொல்வது, நம்மைப் பற்றிக் குளம் சொல்வது சாயங்காலம் தெரியும் என்பார். பிறகு குடையை விரித்துக்கொண்டு மதகு மேல் உட்கார்ந்துவிடுவார்.

எங்கள் குளம் என் மனைவி தில்லைநாயகியுடையது. அவள் கெட்டிக்காரி, எனக்கே பொறாமையாக இருக்கும். கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை நெருக்கியடிக்காமல் விடுவாள். தவிடும் புண்ணாக்கும் மீன் தின்கிற அளவுதான், மிச்சம் அடியில் தங்கி அழுக விட மாட்டாள். பழைய தண்ணீரை வாய்க்காலில் தள்ளாமல் வாழைக்குப் பாய்ச்சுவாள். இன்னும் கொஞ்சம் குஞ்சு விட்டால்தான் என்ன என்று நான் நச்சரிப்பேன். அவள் காதில் வாங்கியதே இல்லை.

அவ்வளவையும் கெடுக்கப் பார்த்தான் என் மச்சான் ரெங்கராசு. மேடம் வருகிறார் என்றதும், அக்காவின் குளம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, அவளைக் கேட்காமலே பாதித் தண்ணீரை இறைத்துவிட்டுப் போர்வெல் தண்ணீரை நிரப்பிவிட்டான். கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற புத்தி. காலையில் பார்த்ததும் தில்லை கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பழைய தண்ணீருக்கு வீடு தெரியும். நேற்று வந்த தண்ணீருக்கு வழி எப்படித் தெரியும்? வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். முடியாது என்றார் மேடம்.

குளம் புறப்பட்டது. ஒரு மீன்கூடச் சிந்தாமல், பனைமரங்களுக்கு நடுவே அழகாக நடந்தது. ரோட்டில் பஸ் நின்று வழிவிட்டது. பின்னாலேயே போய்க் கூப்பிடக் கூடாது என்பது விதி, அதனால் நாங்கள் வீட்டோடு இருந்தோம்.

மற்றவர்களின் குளங்கள் மதியமே வந்து படுத்துவிட்டன. எங்கள் பள்ளம் காய்ந்துகொண்டிருந்தது. தில்லை சோறு தொடவில்லை. ரெங்கராசு வாழைத்தோப்புக்குள் போய் அழுதான். நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனவன், பாவம் என்று திரும்பிவிட்டேன்.

“அது வரலன்னா நான் வேற குளம் வெட்ட மாட்டேங்க” என்றாள் தில்லை.

பொழுது சாயும்போது வந்தது. பழைய தண்ணீர் முன்னால் நடந்து, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, புதுத் தண்ணீரைக் கூட்டிக்கொண்டு வந்தது. அதனால்தான் தாமதம். கட்லாக்கள் தலையை நீட்டித் தில்லையைப் பார்த்தன. குளம் பள்ளத்தில் இறங்கி அலுங்காமல் படுத்தது. அவள் தண்ணீருக்குள் கையை வைத்துக்கொண்டு அழுதாள். என் மனைவி என்றும் பாராமல் அவளைக் கும்பிடலாம் போலிருந்தது எனக்கு.

மேடம் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பின்னால் நிற்பது யாருடையது என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தோம். கடல் நின்றிருந்தது. கடற்கரையில் இருந்த நேரமெல்லாம் குளம் தில்லையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததாம். தனக்கும் இங்கே ஓர் இடம் கிடைக்குமா என்று கேட்டது.

தில்லை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வரப்பைக் கொஞ்சம் தள்ளிப் போடும்படி ரெங்கராசிடம் சொன்னாள். அப்புறம் கடலைப் பார்த்தாள்.

“உப்பை வெளியிலேயே வச்சிட்டு வா. என் மீனுக்கு ஆகாது.”

கடல் உப்பை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தது.