சிலேட்டில் எழுதாத வார்த்தை

இடுப்பு விண்ணென்று வலிக்க, மச்சானின் கட்டிலருகே உட்கார்ந்தேன். இருபது வருடம் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள் நாங்கள். மூளையில் ரத்தம் கட்டிய பிறகும் அவனுக்குக் காது கேட்கிறது, வாய் பேசுகிறது. அடுத்தவர் பேச்சு மட்டும் புரிவதில்லை. எழுதிக் காட்டினால் படித்துக்கொள்வான்.

ரத்தம் கட்டிய அன்று "தலை சுத்துது மாமா" என்றவனை, "நடிக்காதடா, தூக்கு" என்று விரட்டியது நான்தான்.

"தப்பு என்னோடதுடா மச்சான்," என்றேன்.

"என்ன மாமா, மிக்சி ஓடுற மாதிரி கத்துறே? எழுதித் தொலையேன்," என்று சிலேட்டை நீட்டினான்.

நான் கைநாட்டு. அவன் அக்காவான என் மனைவி எழுதுவாள். அவளிடம் இதைச் சொல்லத்தான் எனக்குத் தைரியமில்லை.

வெறும் சிலேட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அவனிடம் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் கடனாகவே நிற்கிறது.